90 நம்பர் ஆயிலும் ஒரு பழைய சிட்டி விடெக்கும்

மன்னார்குடி நண்பன் சமீபத்தில் ஒரு பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் வாங்கினான். வாங்கின கையோடு எனக்கு போன். "மாப்ளே, ரெண்டாவது கியர் கரகரங்குது. ஆயில் மாத்துனா சரியாயிடுமா?" ஆகும். ஆனால் அதோடு முடியாது. போனில் பாதிதான் சொன்னேன், மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வண்டியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 106 குதிரைத்திறன், பேருக்கு செடான், குணத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார். 2003-இல் இதன் இடத்துக்கு வந்த சிட்டியை மைலேஜை நினைத்துச் செய்தார்கள். அதனால்தான் பழசை இன்னும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். கும்பகோணத்தில் நானும் ஒன்றை வைத்துக்கொண்டு பல வருடமாக ஓட்டுகிறேன்.

என்னை விடாமல் அரித்தது அந்த இரண்டாவது கியர்தான். நம் பக்கத்தில் கார் ஓட்டுகிறவனுக்குப் பாதி நேரம் இரண்டாவதில்தான் போகிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட் திறந்ததும் முண்டிக்கொண்டு கிளம்பும் கூட்டம், பாபநாசம் கடைத்தெரு, பாதி ரோட்டை அடைத்துக் காயும் நெல், வாய்க்கால் பாலத்து வளைவு, எல்லாம் இரண்டில். தஞ்சாவூர் ரோட்டில் வைக்கோல் லாரி இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு முன்னால் போகும். கொஞ்சம் இடம் கிடைத்ததும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால்தான் இந்த இன்ஜின் விழித்துக்கொள்ளும். சரியாக அப்போதுதான் 'கர்ர்ர்'. மார்கழிக் காலையில் கேட்கவே வேண்டாம். தெருவில் கோலம் போடுகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இங்கே எந்தக் கடையில் கியர் ஆயில் கேட்டாலும் 90 நம்பர் என்ற கெட்டி ஆயிலைத்தான் எடுத்து வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இது டிராக்டர் ஓடுகிற ஊர். "கெட்டியா இருந்தாத்தான் சார் பல்லு தேயாது" என்பார்கள். லாரியின் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு அது உண்மையும்கூட. அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி அழுத்தும், அதைத் தாங்கத்தான் ஜிஎல்-5 என்ற தரத்துக் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் தூக்கலாகப் போடுகிறார்கள். சிட்டியில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே பெட்டிக்குள். அந்த மாதிரிப் பல்லே உள்ளே கிடையாது. இதில் இருப்பது சின்க்ரோ ரிங். கியர் மாற்றும்போது அந்த வளையம் கியரின் பக்கத்துக் கூம்பைக் கவ்விப் பிடித்து, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்க வேண்டும். கவ்வுவதற்கு உராய்வு வேண்டும். கெட்டி ஆயில் இடையிலிருந்து சட்டென்று விலகாது, அந்தக் கந்தக, பாஸ்பரஸ் மருந்தின் வழுக்கலும் சேர்ந்தால் வளையம் பிடிக்கவே பிடிக்காது. பித்தளை வளையத்தைச் சூட்டில் கந்தகம் அரிக்கும் என்ற பயமும் உண்டு.

ஹோண்டா கேட்பது எம்டிஎஃப் என்ற, மேனுவல் கியர்பாக்ஸுக்கான மெல்லிசான ஆயில். அது கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 இன்ஜின் ஆயிலை ஊற்றலாம் என்று அந்தக் காலத்து ஹோண்டா கையேடுகளிலேயே இருக்கும். இதைச் சொன்னால் நம்மூர் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். 30 எங்கே, 90 எங்கே என்று. கியர் ஆயில் நம்பருக்கும் இன்ஜின் ஆயில் நம்பருக்கும் அளவுகோலே வேறு. 90 நம்பர் கியர் ஆயிலின் கெட்டித்தன்மை, 40 அல்லது 50 நம்பர் இன்ஜின் ஆயில் அளவுக்குத்தான் வரும்.

முன்பு ஒரு ஒர்க்ஷாப்பில் மாற்றச் சொன்னேன். பெயர் வேண்டாம். "ஒரிஜினல் ஹோண்டா ஆயில் சார்" என்று சொல்லிக் காசும் அதற்குத் தகுந்த மாதிரி வாங்கினார்கள். இந்தத் தடவை எம்டிஎஃப் டப்பாவை நானே வாங்கிக்கொண்டு, வலங்கைமான் பக்கம் நிதானமாக வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். பிளக்கைக் கழற்றியதும் வந்தது கருத்த குழம்பு, கூடவே மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை. பெரியவர் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம டிராக்டர் ஆயிலு" என்றார். கொடுத்த காசை நினைத்து நான் சொன்ன கெட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

வேலை பெரிதில்லை. கொஞ்சம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டு, வண்டியைச் சமமாக நிறுத்த வேண்டும். முதலில் மேலே இருக்கும், ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார். அது இறுகிப்போயிருந்து, கீழே ஆயிலையும் வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். கீழே ஆயிலை வடிக்கிற டிரெயின் பிளக்கில் சதுரக் குழிதான் இருக்கும், 3/8 அங்குல ராட்செட் நேராக உள்ளே போகும். லாரி டூல்ஸ் மட்டும் வைத்திருக்கும் இடங்களில் உளியை வைத்துத் தட்டிவிடுவார்கள், பக்கத்திலேயே நில். பிளக்கின் காந்த முனையில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை, துண்டு துண்டாக இரும்பு வந்தால் கவலைப்படு. வாஷர் புதுசு போடு. புது ஆயில் ஃபில்லர் துவாரத்தில் வழிகிற வரைக்கும் ஊற்றினால் போதும். மன்னார்குடி வண்டி என்பதால் இன்னொன்று: மழைத்தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் வரும். அப்படி வந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது.

மாற்றியபின் ஓட்டியது சுகம். இரண்டாவது கியர் இரண்டு விரலுக்கு விழுந்தது. திரும்பி வரும்போது வேண்டுமென்றே மூன்றுக்கும் இரண்டுக்குமாக மாற்றிக்கொண்டே வந்தேன். இவ்வளவு நாள் என்னை ஏமாற்றியவர்கள்மேல் ஆத்திரம்கூட அடங்கிவிட்டது.

அப்புறம் வீட்டு வாசலில் நியூட்ரலில் நிற்கும்போது ஒரு ரீங்காரம் கேட்டது. கிளட்சை மிதித்தால் நின்றது, விட்டால் மறுபடி கேட்டது. இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டைத் தாங்குகிற இன்புட் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. கெட்டி ஆயில் அந்தச் சத்தத்தை அமுக்கி வைத்திருந்திருக்கிறது. பழைய வண்டி விற்கிறவர்களில் சிலர் தெரிந்தே இதைச் செய்வார்கள். அந்த ஒர்க்ஷாப்காரர் அப்படி நினைத்து ஊற்றினாரா, கையில் கிடைத்ததை ஊற்றினாரா என்று நான் போய் விசாரிக்கவில்லை. பேரிங் மாற்ற கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும். பெரியவர் பட்டறைக் குழியில் ஐப்பசி, கார்த்திகையில் ஊற்றுத்தண்ணீர் நிற்கும், அதனால் தை பிறந்துதான் அந்த வேலை.

ஆகவே மாப்ளே, இந்த வண்டிக்குச் செலவழித்ததில் இவ்வளவு திருப்தி தந்தது வேறொன்றுமில்லை. ஆனால் நீ சின்னச் சத்தத்துக்கும் தூக்கம் கெடுகிற ஆள், எனக்குத் தெரியும். பேரிங்குக்கும் சேர்த்துக் கையில் காசு இருந்தால் மாற்று. இல்லாவிட்டால், உன் வண்டியிலும் 90 இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில் போடும்போது பாட்டை கொஞ்சம் சத்தமாக வை.