டவர் பருந்தும் கலிபோர்னியாக் கழுகும்: எதை, எப்போது பார்ப்பது?

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருமுனையில் இருக்கும் செல்போன் டவரில் பருந்து கூடு கட்டுவது இது நான்காவது வருடம். முன்பு பக்கத்து காம்பவுண்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அதைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு எங்கள் பக்கம் உயரம் என்று சொல்ல மிஞ்சியது அந்த இரும்புதான். மார்ச் பிறந்தால் துணி காயப்போட மாடிக்குப் போகிற அக்கா தலையில் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு போவார். குஞ்சு இருக்கும் கூட்டுக்குக் கீழே நடமாடினால் தாய்ப்பருந்து பின்மண்டையைக் குறிபார்த்து இறங்கும். எனக்கும் ஒரு தடவை விழுந்தது.

இப்படித் தலைக்கு மேலேயே ஒரு கூட்டை வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க போனில் அமெரிக்கக் கழுகைப் பார்க்கிறாயே என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஐந்து வருடங்களாக, பறவைக் கூடுகளை இணையத்தில் காட்டும் நேரலைக் கேமராக்களையும் மொட்டை மாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன் என்ற முறையில் இங்கே இரண்டையும் எடை போடுகிறேன். கூடவே, எந்த ஊர்க் கேமரா நம் ஊர்க்காரருக்குத் தோதுப்படும் என்பதையும்.

முதலில் கடிகாரம்

அம்மா சின்ன வயதில் திருக்கழுக்குன்றம் போயிருக்கிறாள். தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து குருக்கள் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகுமாம். இப்போது அவை வருவதில்லை. "மணி தவறாது வரும், நாமதான் லேட்டா போவோம்" என்பாள். நேரலைக் கேமராவுக்கும் இதே விதிதான், ஆனால் புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. புகழையும் படத் தெளிவையும் பார்த்துக் கேமராவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் கலிபோர்னியாவைத் திறந்தால், கறுப்பு வெள்ளையில் ஒரு மூட்டை தெரிந்தது. அரை மணி நேரம் பார்த்தேன். மூட்டை ஒரே ஒரு தரம் அசைந்தது. அங்கே நள்ளிரவு, கழுகு தூங்குகிறது, அகச்சிவப்பு விளக்கில் கேமரா அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது. 'இதற்கா உலகமே மாய்ந்து போகிறது' என்று மூடி வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து இரவு எட்டு மணிக்குத் தற்செயலாகத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

பிக் பேர் கழுகுகள்

கலிபோர்னியாவின் பிக் பேர் ஏரிக்கு மேலே, 145 அடி உயரத்தில், ஒரு பைன் மரத்தில் இந்தக் கூடு இருக்கிறது. பெண் ஜாக்கி, ஆண் ஷேடோ. இரண்டும் வெண்தலைக் கழுகுகள். மார்ச் மாதத்தில் அங்கே விடியும்போது நமக்கு இரவு ஏழரை. அங்கே அடையும் நேரம் நமக்குக் காலை ஏழரை. ஆக அவர்களுடைய முழுப் பகலும் நம்முடைய முழு இரவு. வேலை முடிந்து வந்து குளித்து உட்கார்ந்தால் அங்கே முதல் மீன் வருகிறது. நான் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன், மாதத்தில் பத்து நாள் நைட் ஷிஃப்ட். எனக்கென்றே செய்து வைத்தது போன்ற கேமரா.

ஜனவரியில் முட்டை, 35 நாளுக்கு மேல் அடைகாப்பு, மார்ச்சில் குஞ்சு என்பது கணக்கு. ஆனால் கணக்குப்படி நடக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. 2024 ஜனவரியில் ஜாக்கி மூன்று முட்டை இட்டது; ஒன்றும் பொரியவில்லை. நாள் கடந்த பிறகும் அது எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அடுத்த வருடம் மறுபடி மூன்று முட்டை; 2025 மார்ச்சில் மூன்றும் பொரிந்தன. சில நாட்களிலேயே பனிப்புயல். பனிக்குள் கழுத்து மட்டும் வெளியே தெரிய ஜாக்கி அசையாமல் குஞ்சுகளை மூடிக் கிடந்ததை ஷிஃப்டில் இருந்தபடியே பார்த்தேன். புயல் விட்டபோது இரண்டுதான் மிச்சம். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வாக்களித்து அவற்றுக்கு சன்னி, கிஸ்மோ என்று பெயர் வைத்தார்கள். ஜூனில் இரண்டும் பறந்தன.

யாரும் குறுக்கே போய்க் காப்பாற்ற மாட்டார்கள். காட்டுப் பறவை, அதன் பாடு. இதைத் தாங்க முடியாதவர்கள் இந்தக் கேமராவுக்கு வர வேண்டாம் என்றே சொல்வேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்ப்பதென்றால், பொரிந்து ஒரு மாதம் ஆன பிறகு ஆரம்பியுங்கள்.

ஒரு வேடிக்கை. அம்மாவிடம் முதன்முதலில் காட்டியபோது, வெள்ளைத் தலையைப் பார்த்ததும் "கருடன்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காசிமேட்டுக்கு மேலே சுற்றுகிற செம்பருந்துக்கும் வெள்ளைத் தலைதான், ஆனால் அதன் வெள்ளை நெஞ்சு வரை இறங்கும். இது கருடன் இல்லை என்று நான் விளக்கியது எடுபடவில்லை.

விளக்குக் கம்பத்துப் பருந்து

அமெரிக்காவில் இன்னொன்று, நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில். அங்குள்ள பறவையியல் ஆய்வகம் 2012 முதல் செவ்வால் பருந்து ஒன்றின் கூட்டைக் காட்டிவருகிறது. கூடு இருப்பது விளையாட்டு மைதானத்து விளக்குக் கம்பத்தில். பெண்ணின் பெயர் பிக் ரெட். முதல் துணையான எஸ்ரா 2017-ல் இறந்துபோக, இப்போதைய துணை ஆர்தர். மரத்தை விட்டுக் கம்பத்துக்கு வந்த பறவை என்பதால் நம் டவர் பருந்துக்குப் பங்காளி மாதிரி தெரியும். மே மாதத்தில் நமக்கு மதியம் மூன்று மணிக்கு மேல் அங்கே வெளிச்சம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஏற்ற நேரம். பறவையைப் பற்றி ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பரபரப்பு குறைவு, அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியா: நல்ல பறவை, கெட்ட நேரம்

சிட்னி ஒலிம்பிக் பூங்காக் காட்டில் வெண்வயிற்றுக் கடற்கழுகு. மெல்பர்ன் காலின்ஸ் தெருவில் 367-ஆம் எண் மாடிக்கட்டடத்து விளிம்பில் பைரி வல்லூறு. இரண்டும் நம் நாட்டிலும் உள்ள பறவைகள் என்பதால் ஆசையாகத் திறந்தேன். ஜூலையில் சிட்னியில் இருட்டும்போது நமக்கு மதியம் பன்னிரண்டரை. நாம் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அங்கே பாதிப் பகல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலைக்குச் சரி, மற்ற நாளில் வேலைக்குப் போகிறவனுக்கு ஒத்துவராது.

மெல்பர்ன் கொஞ்சம் பரவாயில்லை. அக்டோபரில் மதியம் இரண்டு மணி வரை பார்க்கலாம். பைரி கூடு கட்டுவதில்லை, வெறும் தட்டில் கிடக்கும் சரளைக் கல்லின் மேல் முட்டை இடுகிறது. அப்புறம் புறாவைக் கொண்டுவந்து உரிக்கிற காட்சி. எங்கள் தெருவில் புறா வளர்க்கிற தம்பி ஒருவன் ஒரே ஒரு நாள் பார்த்தான், மறுநாள் முதல் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

விராலடிப்பான்: என் முதல் ஓட்டு

ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எஸ்டோனியா என்பேன். அங்குள்ள கழுகு மன்றத்தினர் பல கூடுகளுக்குக் கேமரா வைத்திருக்கிறார்கள். அதில் விராலடிப்பான் (ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே) கூட்டைத் தேடிப் பிடியுங்கள்.

காரணம், திரும்பவும் கடிகாரம்தான். வடக்கே தூரத்தில் உள்ள நாடு என்பதால் கோடையில் பகல் மிக நீளம். ஜூலையில் அங்கே விடிவது நம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். இருட்டுவது நம் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில். காலை காபி, மதியச் சாப்பாடு, இரவு மின்விசிறிக்குக் கீழே படுத்தபடி என எப்போது திறந்தாலும் வெளிச்சம் இருக்கும். அந்த வசதி வேறு எதிலும் இல்லை.

இரண்டாவது காரணம் மீன். விராலடிப்பான் சாப்பிடுவது அநேகமாக மீன் மட்டுமே. ஆண் மீனோடு வரும், பெரும்பாலும் தலைப் பக்கத்தை முதலில் தானே தின்றுவிடும், மீதியைத்தான் பெண்ணிடம் கொடுக்கும். "தலையைத் தின்னுட்டு வால் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டாரான் பாரு" என்று எங்கள் மாடி வீட்டு அக்கா சிரித்தார். அவர் காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர், எந்த மீனில் எது ருசி என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா அதன் பாதத்தையும் கவனித்துவிட்டார். வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ளும், அதனால் முன்னே இரண்டு பின்னே இரண்டாக மீனை இறுக்கிப் பிடிக்கும், வழுக்காது. குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிப் பக்கம் போனால் இதே இனத்துப் பறவை கழியின் மேல் உட்கார்ந்து மீன் கிழிப்பதைப் பார்க்கலாம். ஆனால் கூட்டை அங்கே பார்க்க முடியாது. அதற்குக் கேமராதான்.

ஏப்ரல் கடைசியில் முட்டை, ஜூன் வாக்கில் குஞ்சு, ஜூலைக் கடைசியில் பறக்கும். ஐந்து வாரத்துக்கு மேல் அடைகாக்கும் காலம் கொஞ்சம் அலுப்பு. அதைத் தாண்டிவிட்டால் விடவே மாட்டீர்கள்.

மொட்டை மாடி என்ன தருகிறது?

எங்கள் டவரில் இருப்பது சாதாரண ஊர்ப்பருந்து, வால் நுனி பிளந்திருக்குமே அது. யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. கோழிக்குஞ்சு திருடன் என்ற பெயர் வேறு. டிசம்பர், ஜனவரியில் சுள்ளி சேர்க்க ஆரம்பிக்கும். சுள்ளி மட்டுமா? இரும்புக் கம்பி, கந்தல், பால் பாக்கெட், ஒரு வருடம் யாருடைய பள்ளி டையோ தொங்கியது. கூட்டில் சேரும் குப்பை என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஸ்பெயினின் தோன்யானாவில் இதே இனத்துப் பருந்துகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வெள்ளைப் பிளாஸ்டிக்கை அதிகம் அடுக்குவது வலுவான, நல்ல இடம் பிடித்த பருந்துதான். 'இது என் இடம், கிட்டே வராதே' என்று மற்ற பருந்துகளுக்குச் சொல்கிற அறிவிப்பு. பலவீனமான பறவையின் கூட்டில் ஆய்வாளர்கள் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய் வைத்தால், அது எடுத்துப் போட்டுவிட்டதாம். அதைப் படித்த பிறகு எங்கள் டவர்க்காரனின் பால் பாக்கெட் கொடிகள்மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கேமரா தராத ஒன்றை மாடி தருகிறது: கூட்டுக்கு வெளியே உள்ள உலகம். பருந்து எந்தத் திசையில் போகிறது என்று தெரியும். காலையில் கிழக்கே போனால் காசிமேடு. மேற்கே போனால் கொடுங்கையூர் குப்பைமேடு. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றுவிட்டால், டவருக்குக் கீழே விழுகிற மீன் முள் குறைந்து கோழித் தோல் கூடுவதை இரண்டு வருடமாகக் கவனிக்கிறேன். எந்த நேரலையிலும் இது சட்டகத்துக்குள் வராது. மாஞ்சா நூலும் வராது. போன வருடம் கூட்டின் ஓரத்தில் அது சுற்றிக் கிடந்தது. குஞ்சின் காலில் மாட்டுமோ என்று ஒரு மாதம் வயிற்றைக் கலக்கியது. மாட்டவில்லை.

குறை என்ன? கீழே இருந்து பார்க்கிறவனுக்குக் கூட்டின் உள்ளே ஒன்றும் தெரியாது. முட்டை எத்தனை, பொரிந்ததா இல்லையா, எதுவும். 8 மடங்கு, 42 மில்லிமீட்டர் பைனாகுலர் வாங்கினேன். 10 மடங்கு வாங்காதீர்கள், கை நடுக்கத்தில் பருந்தும் சேர்ந்து நடுங்கும். அதை வைத்துக்கொண்டும் முதல் வருடம் சுள்ளிக் குவியலுக்கு மேல் ஒரு தலையைத்தான் பார்த்தேன்.

இங்கேதான் கேமரா கைகொடுத்தது. பிக் பேரில் ஒரு பருவம் பார்த்து முடித்தபின், அந்தத் தலை அசைவதை என்னால் படிக்க முடிந்தது. முட்டை மேல் உட்காரும்போது உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி அமர்த்தும். பொரிந்துவிட்டால் உயர்ந்து உட்காரும், இறக்கையைச் சற்று விரித்து வைக்கும். தலையைக் குனிந்து, துளித்துளியாக, நேராக இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து எதையோ நீட்டினால் ஊட்டுகிறது என்று அர்த்தம். இரண்டாம் வருடம் பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் டவர் பருந்து அப்படிக் குனிந்தது. "பொரிஞ்சிடுச்சு" என்று கீழே வந்து சொன்னேன். மூன்று வாரம் கழித்து இரண்டு வெள்ளைப் பஞ்சுத் தலைகள் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்த்தன.

நாமே கேமரா வைத்தால்?

வைத்தேன். மலிவாக ஒரு வைஃபை கேமரா வாங்கித் தண்ணீர்த் தொட்டிக் கம்பியில் கட்டினேன். அறுபது மீட்டர் தள்ளியுள்ள கூடு, திரையில் புளியங்கொட்டை அளவு தெரிந்தது. மூன்றாம் நாள் காக்கை ஒயரைக் கொத்தியது. கிட்டே கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வேண்டவே வேண்டாம். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே கூட்டையும் முட்டையையும் கலைப்பது அடங்கும். வெளிநாட்டில் கேமராவைப் பறவை வருவதற்கு முன்பே பொருத்துவார்கள், பருவம் முடியும் வரை தொட மாட்டார்கள். நாம் நடுவில் ஏறினால் பறவை கூட்டையே விட்டுப் போகலாம். டவரில் ஏறுவது உயிருக்கும் ஆபத்து.

செலவைப் பற்றி ஒரு வரி. தெளிவைக் குறைத்து 480-இல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் அரை ஜிபி போகும். தினம் ஒன்றரை ஜிபி திட்டத்தில் இருப்பவர்கள் கவனம். முக்கியமான காட்சி தவறிவிட்டால் நேரலையைப் பின்னுக்கு நகர்த்திப் பார்க்கப் பல இடங்களில் வழி இருக்கிறது, முழு நாளும் திறந்து வைக்க வேண்டியதில்லை.

என் வருடம் இப்படித்தான் ஓடுகிறது: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சாயங்காலம் மாடி, இரவு பிக் பேர். மே முதல் ஜூலை வரை விராலடிப்பான். இடையில் சிட்னி ஞாயிறு, அக்டோபரில் மெல்பர்ன். நவம்பரில் ஒன்றும் இல்லை, மழை.

நேற்று டவர்க்காரன் வாயில் ஒரு துணி மாட்டும் கம்பியோடு வந்தான். யார் வீட்டுக் கொடியில் உருவியதோ. அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டது வேறு: "அந்த வெள்ளைத்தலை கருடன் முட்டை போட்டுடுச்சா?" இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றேன். அதற்குள் போனுக்கு ரீசார்ஜ் பண்ணி வைக்கச் சொன்னாள்.