கியர்பாக்ஸ் திரும்பி வந்திருக்கிறது: கார் டீசல் எஞ்சினோடு பறந்த அனுபவம்

எங்கள் நான்கு இருக்கை விமானத்தின் கியர்பாக்ஸ், பரிசோதனைக்காக ஐரோப்பாவுக்குப் போய், ஒருவழியாகத் திரும்பி வந்து பொருத்தப்பட்டுவிட்டது. சிங்கப்பூரில் வசிக்கும் நாங்கள் சிலர் கூட்டாக வாங்கி ஜோகூரில் நிறுத்தி வைத்திருக்கும் இந்த விமானத்தில் இருப்பது, காருக்கென வடிவமைக்கப்பட்ட நான்கு சிலிண்டர் டீசலிலிருந்து உருவாக்கப்பட்ட எஞ்சின். எங்களில் ஒருவர் வேலை மாற்றத்தால் தம் பங்கை விற்கிறார். தேசிய சேவைக் காலத்திலிருந்தே பழக்கமான நண்பர் ஒருவர் அதை வாங்கலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமே இல்லை. விமானங்களுக்கென்றே செய்யப்படும் லைகமிங் என்ற பழைய பாணி பெட்ரோல் எஞ்சின்களில் பயிற்சி பெற்ற எவருக்கும், ஒரே நெம்புகோலை முன்னே தள்ளினால் எரிபொருள் அளவையும் ப்ரொப்பெல்லரின் சாய்வையும் கணினியே பார்த்துக்கொள்ளும் என்பது முதல் நாளில் நம்ப முடியாததாகவும் பிறகு விட்டுக்கொடுக்க முடியாததாகவும் இருக்கும். கார்புரேட்டரில் பனி உறைவதைப் பற்றிய கவலை இல்லை. எரிபொருளும் காற்றும் சேரும் கலவையைக் கையால் சரிசெய்யும் வேலை இல்லை. பயண வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 20 லிட்டர் எரிபொருளே செலவாகிறது. 180 குதிரைத்திறன் லைகமிங், சற்று வேகமாகப் பறந்தாலும், 35 லிட்டர் அளவுக்குக் கேட்கும். அதைவிட முக்கியமாக, ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான அவ்காஸ் கிடைக்குமா என்று ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்க வேண்டியதில்லை. ஜெட் விமானங்கள் நிரப்பும் அதே ஜெட் ஏ-1 எரிபொருளை எங்கள் விமானமும் குடிக்கிறது.

தொல்லை முழுவதும் எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் இடையில் இருக்கிறது. கார் எஞ்சின் தன் முழு ஆற்றலையும் தர நிமிடத்துக்கு 3,900 சுற்றுகள் அளவில் சுழல வேண்டும். 1.9 மீட்டர் விட்டமுள்ள ப்ரொப்பெல்லரை அதே வேகத்தில் சுழற்றினால் அதன் நுனி நொடிக்கு 380 மீட்டரைத் தாண்டி, ஒலியின் வேகத்தையே மிஞ்சிவிடும். இரைச்சல்தான் பெருகுமே தவிர இழுவிசை பெருகாது. ஆகவே சுமார் 1.7க்கு 1 என்ற விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ் தவிர்க்க முடியாதது. டீசலின் உயர் அழுத்தத்தால் ஒவ்வொரு வெடிப்பும் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சம்மட்டி அடிபோல் முறுக்கி விடுகிறது. மறுமுனையில் கனமான ப்ரொப்பெல்லர் தன் போக்கிலேயே சுழல முயல்கிறது. இந்த முறுக்கு அதிர்வு முழுவதையும் இடையிலுள்ள பற்களும் அதிர்வு தணிக்கும் பகுதியும் தாங்க வேண்டும். காரில் இதே எஞ்சின் நெடுஞ்சாலையில் தன் ஆற்றலில் சிறு பங்கையே தருகிறது. விமானத்திலோ எழுபது விழுக்காட்டுக்கு மேல் மணிக்கணக்கில் தர வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கல் எப்போதும் இருந்ததன்று. பெர்னார்ட் பீட்டன்போல் 1929இல் ஃபோர்ட் மாடல் ஏ காரின் எஞ்சினைத் தம் சிறு விமானத்தில் பொருத்தியபோது, அது 2,200 சுற்றுகளிலேயே 40 குதிரைத்திறனைத் தந்ததால் ப்ரொப்பெல்லரை நேரடியாகவே இணைக்க முடிந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினையும் பலர் அப்படியே பயன்படுத்தினர். கார் எஞ்சின்கள் சிறியவையாகவும் வேகமாகச் சுழல்பவையாகவும் மாறிய பிறகுதான் கியர்பாக்ஸ் கட்டாயமாயிற்று. 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள லைகமிங் 2,700 சுற்றுகளில் அதே வேலையை நேரடியாகச் செய்வதைப் பழமை என்று நான் இகழ்ந்த காலம் உண்டு. இப்போது அந்த எளிமையை மதிக்கிறேன்.

குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் எங்கள் கியர்பாக்ஸைக் கழற்றி அனுப்பியாக வேண்டும். அதில் பழுது இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. இம்முறை பணிமனை சொன்ன தேதி மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிற்று. குறையே இல்லாத ஓர் எஞ்சின் ஹேங்கரில் சும்மா நின்றுகொண்டிருக்க, நிறுத்தக் கட்டணத்தையும் காப்புறுதியையும் நாங்கள் வெள்ளி வெள்ளியாகச் செலுத்திக்கொண்டிருந்தோம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் பறக்க வைத்திருந்த திட்டம் அதோடு போயிற்று. என் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுவியலைப் பற்றியும் நண்பர் கேட்டார். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில், இதே வகை டீசல் எஞ்சின்கள் இரண்டு கொண்ட, மின்கலம் தீர்ந்த டிஏ42 விமானத்தை வெளி மின்சாரத்தால் இயக்கிப் புறப்பட்டபோது, சக்கரங்களை உள்ளிழுத்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து இரு எஞ்சின்களும் ஒன்றாக நின்றன. அந்தப் பாடத்தின் பிறகு கட்டுப்பாட்டுக் கணினிகளுக்குத் தனி மின்கலம் வந்தது. மின்கலத்தில் ஐயமிருந்தால் புறப்படாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது, கியர்பாக்ஸ் அப்படியில்லை.

கார் எஞ்சின் என்பதால் மலிவு என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2002இல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் டீசலை விமானத்துக்குச் சான்று பெறச் செய்த தீலெர்ட் நிறுவனம் 2008இல் நொடித்தபோது, உத்தரவாதங்களை நம்பியிருந்த உரிமையாளர்கள் கைவிடப்பட்டனர். தன் 911 காரின் எஞ்சினை ஒற்றை நெம்புகோலோடு மூனி விமானத்தில் வைத்த போர்ஷயும் 1991இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. உதிரிப்பாகங்களுக்கு ஒரே வாசலை நம்பி நிற்பதே இத்துறையின் உண்மையான விலை.

எனவே வாங்க வேண்டாம் என்பதே நண்பருக்கு என் பதில். சாதாரண லைகமிங் பொருத்திய விமானத்தில் பங்கு கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளட்டும். என் பங்கை நான் விற்கப் போவதில்லை, ஏனெனில் அந்த ஒற்றை நெம்புகோலை விட்டுவிட எனக்கு மனமில்லை. அதையும் மீறி அவர் வாங்குவதென்றால், கியர்பாக்ஸ் பொருத்திய பின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைப் பதிவேட்டிலும், அடுத்த பரிசோதனைக்கென எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்பதை எங்கள் கணக்கிலும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.