சுண்ணாம்பு வாசமடிக்கும் டோர்ட்டியாவும் எண்ணெய் இல்லாத மெக்சிகன் லசான்யாவும்

மெக்சிகோக்காரர்களின் மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டியா சுற்றிய காகிதப் பொட்டலத்தைப் பிரித்ததும் லேசாகச் சுண்ணாம்பு வாசம் வந்தது. என் பாட்டியின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தால் வருமே, அதே வாசம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்தால்தான் டோர்ட்டியாவுக்கான மாசா மாவு. சுண்ணாம்பு பட்டால்தான் மாவு ஒட்டும். சோளத்தில் இருக்கிற நியாசின் என்ற வைட்டமினும் உடம்பில் சேரும்.

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறது இந்த டோர்ட்டியா செய்து விற்கிற சின்னக் கடை. முப்பது டோர்ட்டியா மூன்று டாலருக்குள். வீட்டுக்காரருக்குக் கொலஸ்ட்ரால் ஏறியதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை லசான்யா (பாஸ்தா, சாஸ், சீஸ் அடுக்கி அவனில் வேகவைப்பது) நின்றுபோயிருந்தது. அதைக் கொழுப்பு குறைத்து, மெக்சிகன் முறையில் செய்து பார்க்கத்தான் அங்கே போனேன்.

மெக்சிகோவில் பாஸ்தெல் அஸ்தெக்கா என்று டோர்ட்டியாவை அடுக்கிச் செய்வார்கள். அடுக்கும் முன் எண்ணெயில் ஒரு தரம் போட்டெடுப்பது வழக்கம். இல்லையென்றால் சாஸில் ஊறிக் கூழாகிவிடும். சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டை எண்ணெய் இல்லாமல் வைத்து எனக்கு இரண்டு தடவை அப்படித்தான் ஆனது. இந்த டோர்ட்டியாவை வெறும் தோசைக்கல்லில் போட்டேன். அரை நிமிடத்தில் நடுவில் ஒரு கொப்புளம் எழும்பியது. திருப்பிப் போட்டு, ஓரம் விறைக்கும் வரை விட்டு எடுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. வெந்து வந்த பிறகும் அடுக்கு அடுக்காகக் கத்தியில் வெட்டுப்பட்டது.

சாஸுக்குக் குவாஹியோ, ஆன்ச்சோ என்ற மெக்சிகன் காய்ந்த மிளகாய் மும்மூன்று வெந்நீரில் ஊறவைத்து, சுட்ட தக்காளி ஆறு, வெங்காயம், பூண்டு, சீரகம் சேர்த்து அரைத்தேன். நடுவில் கறுப்பு பீன்ஸ் இரண்டு டின், வதக்காமல் சுட்ட பொப்லானோ என்ற பெரிய பச்சை மிளகாய், கொழுப்பு குறைந்த காட்டேஜ் சீஸ். டோர்ட்டியாவைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் தட்டின் சுவரோடு ஒட்டும்படி வைத்தால் மூலையில் இடைவெளி விழாது. மேலே கொழுப்பு குறைத்த (ரெட்யூஸ்டு ஃபேட்) மான்டெரே ஜாக் சீஸ் நூறு கிராம் போதும். கொழுப்பே இல்லாத சீஸ் மட்டும் வேண்டாம், உருகாது, ரப்பர் மாதிரி கிடக்கும். அவனில் 190 டிகிரி செல்சியஸில் மூடி 25 நிமிடம், திறந்து 10 நிமிடம். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆறவிடாமல் கத்தியை வைக்காதீர்கள்.

கடையில் ஒரு குறை உண்டு, சைவக்காரர்கள் அவசியம் கவனிக்கவேண்டியது. கவுன்ட்டரில் டப்பாவில் விற்கிற மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்கள், டப்பாவில் ஒரு வரி எழுதவில்லை. "தியேனே மந்தேகா?" (பன்றிக்கொழுப்பு இருக்கிறதா?) என்று ஸ்பானிஷில் கேட்ட பிறகுதான் ஆமாம் என்றார்கள். கேட்காமல் வாங்கியிருந்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் தட்டுக்கு அது போயிருக்கும். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை. எழுதி ஒட்ட ஒரு காகிதம் போதுமே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். டோர்ட்டியாவில் சோளம், தண்ணீர், சுண்ணாம்பு தவிர வேறெதுவும் இல்லை. அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பதப்படுத்தும் மருந்து போடாததால் இரண்டு நாள்தான் தாங்கும், மூன்றாம் நாள் மடித்தால் வெடிக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்குள் போங்கள். மெஷினிலிருந்து அப்போது விழுந்ததைச் சூடாகவே காகிதத்தில் சுற்றித் தருவார்கள்.