ஏர் இன்டேக் வெப்பத்தைக் குறைப்பதாகச் சொல்லிச் சென்சாருக்குப் பொய் ஊட்டும் வேலை: கிருஷ்ணகிரி, தருமபுரி கார் உரிமையாளர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு கார் உதிரி பாகக் கடையில், என் காரின் ஏர் இன்டேக்கில் (இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையில்) ஏறும் வெப்பத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி மூன்று முறை பணம் வாங்கினார்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. காற்று குளிர்ந்துவிட்டதாக இன்ஜினின் கணினியை நம்பவைக்கும் ஒரு சிறு பாகத்தை, என்னிடம் சொல்லாமலே, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் ஒயரில் பற்றவைத்திருந்தார்கள். பணம் போனதைவிட இதுதான் பெரிய ஆபத்து. இதே வேலையைச் செய்துகொண்டவர்களும் செய்துகொள்ள நினைப்பவர்களும் முழுவதையும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என்னுடையது டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார். தேசிய நெடுஞ்சாலை 44-இல் கிருஷ்ணகிரிக்கும் சேலத்துக்கும் இடையே வேலை நிமித்தமாக அடிக்கடி ஓட்டுகிறேன். பிக்கப் கூடும், மைலேஜும் குறையாது என்று சொல்லி, கம்பெனி பொருத்தியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியக் குழாயையும் அதன் முனையில் கூம்பு வடிவ ஃபில்டரையும் மாட்டினார்கள். இதற்கு 8,500 ரூபாய். 'கோல்டு ஏர் இன்டேக்' என்றுதான் பெயர் சொன்னார்கள். ஆனால் அந்தக் கூம்பு ஃபில்டர் பானட்டுக்கு அடியில், ரேடியேட்டருக்குப் பின்னால், எந்த மறைப்பும் இல்லாமல் திறந்தபடி நின்றது. வெளியிலிருந்து அதற்குக் காற்று கொண்டுவர ஒரு குழாய்கூட இல்லை.

கம்பெனி பெட்டி பார்வைக்கு அழகாக இருக்காது. ஆனால் அதன் மூக்கு முன்பக்க கிரில்லுக்கு அருகே வெளிக்காற்றைத் தேடி நீண்டிருக்கும், பெட்டியும் நன்றாக மூடியிருப்பதால் இன்ஜின் அறையின் அனல் உள்ளே நுழையாது. அதைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டரை மாட்டும்போது, ரேடியேட்டரைக் கடந்து சூடாகி வரும் காற்றையும் எக்ஸாஸ்ட் குழாய்களின் மேல் பட்டு எழும் காற்றையும்தான் இன்ஜின் சுவாசிக்கிறது. இதனால் ஏற்படும் இழப்பைக் கணக்கிடுவது எளிது. காற்றின் அடர்த்தி அதன் கெல்வின் வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 35 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று 65 டிகிரிக்குச் சூடானால் அதே கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் குறைவான காற்றுதான் இருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். அதோடு, சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே தவறான நேரத்தில் வெடிப்பது) வரக்கூடும் என்பதால் இன்ஜின் கணினி பற்றவைப்பு நேரத்தை, அதாவது ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, பின்தள்ளும். அதிலும் சக்தி போகும். திறந்த ஃபில்டர் எழுப்பும் உறுமல் மட்டும் கூடுகிறது. அந்தச் சத்தத்தைத்தான் பலரும் பிக்கப் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தொப்பூர் கணவாயில் இது வெட்டவெளிச்சமானது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி ஏறும்போது, சுமை லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்துதான் வர வேண்டியிருக்கும். வண்டியின் வேகத்தால் உள்ளே வரும் காற்று குறைந்து, ரேடியேட்டர் விசிறி தள்ளும் அனல் மட்டும் பானட்டுக்கு அடியில் தேங்கிவிடும். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள, இன்ஜின் கணினியின் அளவீடுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, கைபேசியில் இன்டேக் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெளியே 36 டிகிரி. உள்ளே போகும் காற்று 68 டிகிரி. லாரியை முந்த ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமியதே தவிர, வண்டி நகரவில்லை.

இந்த அளவீட்டைக் கடையில் காட்டியபோது, ஹீட் ஷீல்டும் தங்க நிறப் பிரதிபலிப்பு டேப்பும் போட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு 3,500 ரூபாய் வாங்கினார்கள். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு தகட்டை நிறுத்தி, அலுமினியக் குழாய் முழுக்க டேப்பைச் சுற்றினார்கள். பிறகு துப்பாக்கி போன்ற லேசர் தெர்மாமீட்டரைக் குழாயின் மேல் காட்டி, "பாருங்க சார், எவ்வளவு இறங்கியிருக்கு" என்றார் கடைக்காரர். கருவி காட்டிய எண் உண்மையில் இறங்கித்தான் இருந்தது.

அந்தச் செய்முறையே பொய்யானது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். அந்தக் கருவி, பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து அதை வெப்பநிலையாக மாற்றிக் காட்டுகிறது. பளபளப்பான உலோகப் பரப்பு அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வெளியிடும். ஆகவே பளபளக்கும் டேப் எவ்வளவு சூடாக இருந்தாலும் கருவி குறைத்துத்தான் காட்டும். டேப்பின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அது சூடேறும்வரை பொறுத்து அதன்மேல் அளந்தால் உண்மையான எண் தெரிந்துவிடும். நான் பிறகு அப்படிச் செய்துபார்த்தேன். தங்க டேப்பின் மேல் காட்டியதற்கும் கறுப்புத் துண்டின் மேல் காட்டியதற்கும் இருந்த வேறுபாடு, அவர்கள் "இறங்கியது" என்று காட்டிய அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. மேலும், அளக்க வேண்டியது குழாயின் தோலை அல்ல, அதற்குள் ஓடும் காற்றை. இன்ஜின் வேகமாக இழுக்கும்போது காற்று அந்தக் குழாயை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுவதால், குழாய்ச் சுவரிலிருந்து ஏறும் வெப்பம் சிறிதுதான். காற்று எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதே முக்கியம். அவர்கள் நிறுத்திய தகடு மேலே பானட்டையும் பக்கத்தில் எதையும் தொடாமல் நின்றதால், அனல் அதைச் சுற்றிக்கொண்டு தாராளமாக வந்தது.

மறுபடியும் முறையிட்டபோது, "சென்சார் செட்டிங் பண்ணணும் சார், அதுதான் தப்பாக் காட்டுது" என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு வண்டியை உள்ளே எடுத்துப் போனார்கள். திரும்பக் கொடுத்தபோது கைபேசியில் எண்கள் அழகாக இருந்தன. முன்பு 65-ஐத் தாண்டிய அதே ஏற்றத்தில் இப்போது 40-ஐ ஒட்டியே நின்றது. ஆனால் வண்டியின் போக்கு கெட்டுப்போயிருந்தது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போன்ற நாக்கிங் சத்தம் கேட்டது, மைலேஜ் குறைந்தது, சைலன்சர் வாயில் கரி படிந்தது. வெப்பம் உண்மையிலேயே குறைந்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஓர் அதிகாலை அளவீடு. இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையும் இன்டேக் வெப்பநிலையும் வெளி வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அன்று கூலன்ட் 27 காட்டியது. வெளியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்டேக் மட்டும் 19 காட்டியது. எந்த ஃபில்டராலும் எந்த டேப்பாலும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றை இன்ஜினுக்குக் கொடுக்க முடியாது.

வண்டியைத் தருமபுரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் இன்டேக் சென்சாரின் பிளக்கிலிருந்து ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். கம்பெனி ஒயரில் சுற்றியிருந்த துணி டேப்புக்கு நடுவே, ஒரு சுண்டுவிரல் நீளத்துக்குச் சாதாரணக் கறுப்பு டேப். பிரித்துப் பார்த்தால், ஒயரை வெட்டி நடுவில் ஒரு ரெசிஸ்டரை (மின்தடையைக் கூட்டும் சிறு பாகம்) பற்றவைத்திருந்தார்கள். ஈயம் கட்டிகட்டியாக நின்றது. "தம்பி, இது கம்பெனி ஜாயின்ட் இல்ல. யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க" என்றார். மல்டிமீட்டரில் அளந்தபோது 600 ஓமுக்குச் சற்று அதிகமாகக் காட்டியது.

இந்தச் சென்சாரின் மின்தடை, காற்று சூடாகச் சூடாகக் குறையும். குளிரக் குளிரக் கூடும். ஒயரின் நடுவே கூடுதலாக ஒரு தடையைச் சேர்த்தால், சென்சார் சொல்வதைவிடக் காற்று குளிர்ந்திருப்பதாகக் கணினி புரிந்துகொள்ளும். சூடான நிலையில் சென்சாரின் சொந்தத் தடை மிகக் குறைவு என்பதால், வெளியிலிருந்து சேர்த்த தடை அங்கே பெரிய பொய்யாகவும், குளிர்ந்த நிலையில் சிறிய பொய்யாகவும் வெளிப்படும். காலையில் 8 டிகிரி மட்டும் குறைந்து தெரிந்ததும் ஏற்றத்தில் 25 டிகிரிவரை குறைந்து தெரிந்ததும் இதனால்தான். என் கார் போல, இன்டேக்கில் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றின் அளவைக் கணக்கிடும் வண்டிகளில், காற்று உண்மையில் 65 டிகிரியாக இருக்க, 40 என்று கணினிக்குச் சொன்னால், அது இல்லாத காற்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் பெட்ரோலைக் கணக்கிடும். சீராக ஓடும்போது, எக்ஸாஸ்ட் புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரின் உதவியால் அது ஓரளவு திருத்தப்பட்டுவிடும். ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போது அந்தத் திருத்தம் நடக்காது. அதைவிட மோசமானது, காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று நம்பிப் பற்றவைப்பு நேரத்தைப் பின்தள்ளாமல் விடுவது. நாக்கிங் வந்தது அங்கேதான். இது நீடித்தால் பிஸ்டனே பழுதாகலாம். இன்ஜினைக் காப்பதற்காக வைத்த சென்சாரின் வாயைக் கட்டிவிட்டு, அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கடையில் கேட்டபோது, எல்லாக் கடையிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். கழற்றிய கம்பெனி பெட்டியைத் திருப்பிக் கேட்டதற்கு, அது பழைய சாமானோடு போய்விட்டது என்று பதில் வந்தது. பில் என்று அவர்கள் கொடுத்திருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, செய்த வேலையின் விவரமும் இல்லை. பணம் யுபிஐ வழியாகப் போனதால் அந்தப் பதிவுகளாவது என்னிடம் இருக்கின்றன. புதிய ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் மூக்குக் குழாயையும் ஷோரூமில் ஆர்டர் கொடுத்து வாங்கிப் பொருத்தி, ரெசிஸ்டரை எடுத்து ஒயரைச் சரிசெய்தோம். அதற்குப் பிறகு, வெளியே 36 டிகிரி இருக்கும்போது நெடுஞ்சாலை வேகத்தில் இன்டேக் 44 முதல் 46 வரை காட்டுகிறது. கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போது 55 வரை ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கிவிடுகிறது. நாக்கிங் நின்றுவிட்டது.

வேறு இன்டேக் போட்டே ஆக வேண்டும் என்று விரும்புகிறவர்கள், நான்கு பக்கமும் மூடிய பெட்டியாகவோ, பானட்டின் அடிப்பக்கத்தோடு ரப்பர் பீடிங்கால் ஒட்டி மூடிக்கொள்ளும் ஹீட் ஷீல்டாகவோ கேளுங்கள். கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். குழாயின் வாயை பம்பருக்கு அடியில் தாழ்வாக வைக்கச் சம்மதிக்காதீர்கள். மழைநீர் தேங்கிய சாலையில் இன்ஜின் தண்ணீரை இழுத்துவிட்டால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிரதிபலிப்பு டேப்பால் பயன் உண்டு, ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கதிர்வீச்சு நேராகப் படும் இடத்தில் மட்டும். எண்ணெய் தடவிய ஃபில்டர் என்றால், அளவு மீறிய எண்ணெய், உள்ளே போகும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அதைக் கெடுக்கும்; மாஃப் சென்சார் உள்ள வண்டிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாரண்டி காலம் முடியாத வண்டியாக இருந்தால், இந்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்ஜின் வாரண்டியை மறுக்க வாய்ப்பிருக்கிறது என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் லேசர் தெர்மாமீட்டரை எடுத்தால், அது வேண்டாம், ஓபிடியில் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே சாலையில், ஒரே நேரத்தில் ஓட்டி, வெளி வெப்பநிலைக்கும் இன்டேக் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிடுங்கள். கழற்றும் ஒவ்வொரு கம்பெனி பாகத்தையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஒயரைத் தொடும் வேலை எதுவானாலும் கண்முன்னே நடக்க வேண்டும்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு, ஒயரைப் பிரித்தபோது எடுத்த படங்கள், யுபிஐ பதிவுகள், காலையில் எடுத்த ஓபிடி ஸ்கிரீன்ஷாட்டுகள் ஆகியவற்றை இணைக்கிறேன்.

"சென்சார் செட்டிங்" என்று எங்காவது பணம் கொடுத்திருந்தால், நாளைக் காலை வண்டியை இயக்குவதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட் எண்ணையும் இன்டேக் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு இயல்பானது. இன்டேக் மட்டும் அதற்கு மேல் குறைந்து, வெளிக்காற்றுக்கும் கீழே நின்றால், ஏற்றம் ஏறுவதற்கு முன் சென்சார் ஒயரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.