ஹே டே ஆடுபவர்கள் கவனத்துக்கு: ‘முறை’ வைக்கும் நெய்பர்ஹுட்டில் நான் ஏமாந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பணம் எதுவும் போகவில்லை. போனது 45 போல்ட், 45 பிளாங்க், 45 டக்ட் டேப். ஹே டே என்ற பண்ணை கேமில் பார்ன் எனும் கிடங்கைப் பெரிதாக்க இவைதான் வேண்டும். ஆடாதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். பார்ன் நிறைந்து, கோழி போட்ட முட்டையைக்கூட எடுத்து வைக்க இடமில்லாமல் நின்றவர்களுக்குத்தான் தெரியும், ஒரு டக்ட் டேப்புக்கு மனம் எப்படி அலையும் என்று.

நான் சேர்ந்திருந்த பழைய நெய்பர்ஹுட், அதாவது சேர்ந்து ஆடும் குரூப், தூங்கிவிட்டது. நான்கே பேர், அதில் மூன்று பேர் மாதக் கணக்கில் கேமைத் திறக்கவே இல்லை. படகில் ஏற்ற வேண்டிய பெட்டிக்கு உதவி கேட்டுக் கொடி வைத்தால் படகு கிளம்பும்வரை கொடி மட்டும் பறக்கும். 2012-இல் வந்த கேம் இது, இத்தனை ஆண்டுகளாக இன்னும் ஆடுகிறோம் என்றால் அதற்கு வயலும் மாடும் மட்டும் காரணமில்லை. 18-ஆம் லெவலில் நெய்பர்ஹுட் வீட்டைச் சரிசெய்த பிறகு கிடைக்கும் அந்தப் பேச்சுத்துணைதான் பாதி. அது இல்லாமல் நான் ஏங்கிப் போயிருந்த நேரம். ஏமாறுவதற்கு இதைவிட நல்ல நேரம் வேண்டுமா?

தேடியபோது ஒரு குரூப் கண்ணில் பட்டது. முழுக்கத் தமிழ் ஆட்கள். விவரத்தில் ‘நம்ம குடும்பம், நோ டென்ஷன், எல்லாருக்கும் உதவி’ என்று எழுதியிருந்தது. 30 இடத்தில் 26 நிரம்பியிருந்தது. கோரிக்கை அனுப்பிய அரை மணி நேரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே போனதும் ஏழெட்டு வணக்கம். லீடரை எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். முதல் வாரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் காய்ந்த மரங்கள் காலையில் பார்த்தால் துளிர்த்திருக்கும்.

இரண்டாவது வாரம் அக்கா ‘முறை’யைப் பற்றிச் சொன்னார். விருப்பம் உள்ளவர்கள் மட்டும்தான், மொத்தம் 12 பேர். வாரம் ஒருவருக்கு முறை. மற்ற 11 பேரும் ஆளுக்கு ஐந்து போல்ட், ஐந்து பிளாங்க், ஐந்து டேப் கொடுக்க வேண்டும். முறை வரும் வாரத்தில் ஒவ்வொன்றிலும் 55 கையில் வந்து விழும். பார்னைப் பெரிதாக்க ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகக் கேட்கும், தனியாகச் சேர்த்தால் வாரக்கணக்கில் ஆகும். கணக்குப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. எனக்குக் கிடைத்தது 10-ஆம் எண். ‘புதுசா வந்தவங்க கடைசியில, அதானே முறை?’ என்றார் அக்கா. நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். இந்த ஏமாற்று நடப்பதே அதனால்தான். ஹே டேயில் போல்ட், பிளாங்க் மாதிரி பொருளை ஒருவருக்கு நேராக எடுத்துக் கொடுக்க வழியில்லை. சாலையோரக் கடையில் வைக்க வேண்டும், அவர் வந்து வாங்க வேண்டும். அதனால் எல்லோரும் பெட்டிக்கு ஒரு காசு விலை போட்டு வைப்பார்கள். கேமுக்குள் வரும் பேப்பரில் விளம்பரம் கொடுக்காமல் வைத்தாலும் அந்த நேரத்தில் பண்ணைக்கு வரும் வேறு யார் வேண்டுமானாலும் அதை வாங்கிவிடலாம். ஆகவே ‘ரெடியா?’, ‘ரெடி, வைங்க’ என்று சாட்டில் பேசி வைத்துக்கொண்டு, வைத்த நொடியில் எடுப்பார்கள். கேமைப் பொறுத்தவரை அது ஒரு சாதாரண விற்பனை. நான் விற்றேன், அவர் வாங்கினார், கணக்கு முடிந்தது. பதிலுக்கு எனக்குத் தருவதாக யாரோ சொன்னது எங்கேயும் பதிவாவதில்லை. சாட்டில் மட்டும் இருக்கும், அந்த சாட்டும் நீங்கள் குரூப்பில் இருக்கும்வரைதான்.

ஒன்பது வாரம் கொடுத்தேன். போல்ட் போதாத வாரங்களில் வயல் முழுக்கக் கோதுமை போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அறுத்து அறுத்து, ஏதாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓய்வுக்காக ஆடுகிற கேம்!

இடையில் கண்ணுக்குத் தெரிந்தும் நான் பார்க்காமல் விட்டவை சில உண்டு. முறையில் முதல் எண் அக்கா. இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு ஆகிய எண்காரர்கள் சாட்டில் அதிகம் பேச மாட்டார்கள். பேசினால் நால்வருமே ‘சூப்பர்ர்’ என்று இரண்டு ‘ர்’ போட்டு எழுதுவார்கள், அக்காவைப் போலவே. ஒரு நாள் ஐந்தாம் எண்ணின் பண்ணைக்குப் போனேன். முந்தைய வாரம்தான் 55, 55, 55 என்று வாங்கியவர். லெவல் இருபத்து மூன்றோ என்னவோ. ஒரு பூச்செடி இல்லை, ஒரு வேலி இல்லை. வயல் முழுக்கக் கோதுமை, ஓரத்தில் பசியோடு இரண்டு மாடு. இவ்வளவு சின்னப் பண்ணைக்கு இவ்வளவு பெரிய பார்ன் எதற்கு? கேள்வி வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. ஒருவரே இரண்டு மூன்று கணக்கு வைத்து ஆடுவது தப்பில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் அந்தக் குட்டிப் பண்ணைகளும் தனி ஆள் மாதிரி முறையில் உட்கார்ந்திருக்கின்றன என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எட்டாம் எண்காரர் தன் முறைக்கு இரண்டு நாள் முன்பு காணாமல் போனார். ‘அவங்களுக்கு வேலை ஜாஸ்தியாம், போய்ட்டாங்க’ என்றார் அக்கா. ‘பாவம், முறை வர்ற நேரத்துலயா’ என்று நான் ஒரு அழுகை எமோஜி வேறு போட்டேன். எட்டாவது வாரத்துப் பொருளை அக்காவே ‘பொதுவுக்கு’ வாங்கி வைத்துக்கொண்டார்.

டெர்பி, அதாவது குரூப்புகளுக்கு இடையே வாரா வாரம் நடக்கும் போட்டி, அந்தக் கதை தனி. ‘நோ டென்ஷன்’ என்று எழுதிய குரூப்பில் 320 புள்ளிக்குக் குறைந்த டாஸ்க்கை எடுத்தால் கோ-லீடர் ஒருவர் எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லிக் கேட்பார். ஒரு வாரம் எனக்கு உடம்பு சரியில்லை, டெர்பியில் கலந்துகொள்ளவில்லை என்று அமைப்பில் மாற்றி வைத்தேன். அன்று ராத்திரியே அக்காவிடமிருந்து, ‘ஏன் கண்ணு கஷ்டப்படுற, உன் ஐடிக்கு வர்ற கோட் நம்பரை மட்டும் சொல்லு, நான் உள்ள வந்து முடிச்சுத் தர்றேன்.’ கேம் கணக்கில் நுழைய மின்னஞ்சலில் வரும் ஆறு இலக்க சூப்பர்செல் ஐடி கோட் நம்பரைத்தான் கேட்டார். அதைக் கொடுத்தால் கணக்கே போய்விடலாம், கணக்கைப் பகிர்வது கேமின் விதிப்படியும் தப்பு. அதை மட்டும் நான் கொடுக்கவில்லை. ‘பரவாயில்லக்கா’ என்று நழுவிவிட்டேன். அந்தக் கேள்வி வந்த அன்றே வெளியேறியிருக்க வேண்டும். ஏழு வாரம் கொடுத்தாகிவிட்டது, இன்னும் மூன்றே வாரம்தானே என்ற கணக்கு என்னை அங்கேயே உட்கார வைத்தது.

ஒன்பதாவது வாரம். டெர்பியில் என் பங்கு ஒன்பது டாஸ்க்கும் 320-ஆக எடுத்து முடித்தேன், 2880 புள்ளி. திங்கள்கிழமை டெர்பி முடியும், பரிசு வரும், அதே வாரம் என் முறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாட்டில் கேட்டேன், ‘அக்கா, இந்த வாரம் எனக்குத்தானே?’

‘அவசரப்படாதே கண்ணு, உன்னை விட்டுட்டா செய்வோம்.’

ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்தால் நான் எந்தக் குரூப்பிலும் இல்லை. நீக்கப்பட்டதாக ஒரு வரி அறிவிப்பு, அவ்வளவுதான். சாட் போய்விட்டது. என் 2880 புள்ளி அவர்கள் கணக்கிலேயே இருந்தது, டெர்பிப் பரிசு எனக்கு இல்லை. மறுபடி சேரக் கோரிக்கை அனுப்பினேன். நிராகரித்தார்கள். ஏதோ தவறுதலாக நடந்திருக்கும் என்று இன்னொரு தடவையும் அனுப்பினேன், அதைச் சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து வேறொரு குரூப்பில் அந்த எட்டாம் எண்காரரைப் பார்த்தேன். வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவரையும் டெர்பி முடியும் ராத்திரிதான் தூக்கியிருக்கிறார்கள். அவர் அவ்வப்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர். அதில் ஒன்றில் அக்கா அவருக்குச் சொன்னது: ‘அவசரப்படாதே கண்ணு, உன்னை விட்டுட்டா செய்வோம்.’ எழுத்துக்கு எழுத்து அதேதான். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை வெறும் வருத்தம்தான்.

சரி, அப்படியானால் முறை வைக்கும் எல்லாக் குரூப்பும் மோசடியா என்றால் இல்லை. நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எட்டாம் எண்காரர் இப்போது செய்வதுதான் சரியென்று எனக்குப் படுகிறது. மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. ஒரு போல்ட் வைப்பார், எதிராளி ஒரு டேப் வைத்தால் அடுத்த போல்ட். மெதுவாகப் போகும், போகட்டும். ஒருவர் கம்பி நீட்டினாலும் நஷ்டம் ஒரே ஒரு போல்ட்தான். சேர்ந்த புதிதில் நாலைந்து பேரின் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். ஆடுகிறவர்களின் பண்ணையில் ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் இருக்கும். பன்றிகளுக்கு ரோஜாவால் வேலி போட்டிருப்பார்கள், குளத்தைச் சுற்றி ஒரே மாதிரி பத்து பெஞ்ச் வைத்திருப்பார்கள். வெறும் கோதுமை வயலாகவே நாலு பண்ணை இருந்தால் யோசியுங்கள். டெர்பியில் ஒரு வாரம் ஒதுங்கிப் பாருங்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஐடி கோட் நம்பர் கேட்டால் பேச்சே வேண்டாம், அந்த நிமிடமே வெளியேறுங்கள்.

நான் இப்போது இருக்கும் குரூப்பில் ஒன்பது பேர். டெர்பியில் எப்போதும் கடைசிக்கு முந்தைய இடம். நேற்று ஒருவர் தன் பூனைக்குப் பெயர் வைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் வாக்கெடுப்பு நடத்தினார்.

அந்தப் பழைய குரூப் பெயரையும் சின்னத்தையும் மாற்றிக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கிறது. விவரத்தில் ‘நம்ம குடும்பம், நோ டென்ஷன்’ மட்டும் மாறவில்லை. இந்நேரம் யாருக்காவது 10-ஆம் எண் கொடுத்திருப்பார்கள். அது நீங்களாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புகிறேன்.