மூன்று மொழிப் பாச்சலர் பட்டம் என்று யாராவது வீட்டுக்கு வந்தால்

போன வருடமே இதை எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தில் விட்டுவிட்டேன். ஹோட்டல் குசினியில் சேர்த்த 13,800 பிராங்கை ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் கைநழுவ விட்டவன் என்று ஊருக்குச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் மகளுக்கென்று அந்தப் படிப்பை எங்களுக்கு விற்ற ஆள் இன்னும் வீடு வீடாகப் போகிறார் என்று கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் சுவிஸில் பீல் நகரத்தில் இருக்கிறோம். தெருப் பெயர்ப்பலகையே ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருக்கிற ஊர். மகளுக்குப் பள்ளிக்கூடம் ஜெர்மன், சிநேகிதிகள் பிரெஞ்சு, வீடு தமிழ். கேவே லேர என்று இங்கே சொல்லும் அலுவலகத் தொழிற்பயிற்சியை மூன்று வருடம் செய்து, கூடவே பெறூஃப்ஸ்மாத்துரா என்கிற, உயர்கல்விக்குப் போக உதவும் தொழிற்கல்விச் சான்றிதழையும் எடுத்தாள். அடுத்தது வணிகத்தையும் கணினியையும் சேர்த்துப் படிக்கிற வீர்ட்ஷாஃப்ட்ஸ்இன்ஃபர்மாட்டிக்தான் என்று அவளுக்கு ஆசை. அவள் எடுத்த மாத்துராவுக்கு, தொழில் சார்ந்த உயர்கல்வி நிறுவனமான அரச ஃபாக்ஹோக்‌ஷூலவில் நுழைவுச் சோதனை இல்லாமலே இடம் உண்டு. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

தெரிந்த ஒருவர் மூலம் "கல்வி ஆலோசகர்" ஒருவரின் நம்பர் கிடைத்தது. எங்கட ஆள்தான். நானே போன் பண்ணிக் கூப்பிட்டேன் (இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருகிறது). வந்தார், தேத்தண்ணி குடித்தார், பளபளப்பான மடிப்புத்தாளை மேசையில் விரித்தார். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் படிப்பு, கணினியும் வணிகமும், மூன்று வருடம், 180 இசிடிஎஸ் புள்ளிகள் (ஐரோப்பிய உயர்கல்வியில் படிப்பின் அளவைக் கணக்கிடுகிற புள்ளி), பாச்சலர் பட்டம். "அண்ணை, அரச இடங்களில முதல் வருசமே பாதிப் பேரைக் கழிச்சு விட்டிடுவாங்கள். இது சின்ன வகுப்பு. மூன்று பாஷையில இப்படி வேற எங்கயும் இல்லை" என்றார். மகள் முகத்தைப் பார்த்தேன். பீலில் வளர்ந்த பிள்ளைக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது.

ஒரு செமஸ்டருக்கு 6,900 பிராங். கையெழுத்து அவரின் டேப்லெட்டில், விரலால்.

செப்டம்பரில் தொடங்கியது. வகுப்பு என்பது வாரத்தில் எட்டு மணித்தியாலம், அதிலும் பெரும்பகுதி பதிவு செய்த வீடியோ. மூன்று மொழி என்பது எப்படி நடந்தது என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு தொகுதிப் பாடத்தாள், அதை மெஷினில் போட்டு மற்ற இரண்டு மொழிக்கும் மாற்றியிருக்கிறார்கள். ஒரு நாள் இரவு மகள் லாப்டொப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். "அப்பா, இங்க பாருங்கோ, இவையின்ர டேட்டாபேஸுக்குள்ள கதிரை மேசை எல்லாம் இருக்கு." தரவு அடுக்குகிற அட்டவணைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஜெர்மனில் அட்டவணை என்றால் டபெல்ல, மேசை என்றால் டிஷ். பாடத்தாள் முழுக்க டிஷ், டிஷ், டிஷ். "வாடிக்கையாளர் மேசையையும் கட்டளை மேசையையும் இணைக்கவும்" என்று ஒரு பயிற்சி. அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கணக்கியல் அதைவிட மோசம். இங்கே சின்னக் கம்பனிகள் எல்லாம் பாவிக்கிற கணக்குத் திட்டத்தில் 1000 என்றால் கைக்காசு, 1020 என்றால் வங்கி. லேர செய்த பிள்ளைக்கு இது தூக்கத்திலும் வரும். அந்தப் பாடத்தில் சுவிஸ் கணக்குத் திட்டம் என்ற பேச்சே இல்லை. கேள்வி கேட்டு மின்னஞ்சல் போட்டாள். மூன்று கிழமை கழித்து வந்த பதில், அதே வீடியோவை இன்னொரு முறை பார்க்கச் சொன்னது.

சரி, தொடக்கம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து இரண்டாவது செமஸ்டருக்கும் கட்டினேன். அதுக்குப் பிறகு கை கடித்தது. கன்டோனில் (மாநிலத்தில்) படிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். ஜூனில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. படிப்பு அங்கீகரிக்கப்பட்டது அல்ல, ஆகவே உதவித்தொகை இல்லை.

அப்போதுதான் ஃபாக்ஹோக்‌ஷூல ஒன்றுக்கு மகள் எழுதிக் கேட்டாள், இதுவரை எடுத்த 60 புள்ளிகளில் எத்தனையை ஏற்பீர்கள் என்று. பதில் மரியாதையாக வந்தது: பூச்சியம்.

இனி, பிந்தி நாங்கள் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். சுவிஸில் 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள உயர்கல்விச் சட்டப்படி, ஊனிவெர்சிடேட் (பல்கலைக்கழகம்), ஃபாக்ஹோக்‌ஷூல, ஆசிரியர் கல்லூரியான பெடகோகிஷ ஹோக்‌ஷூல என்ற மூன்று பெயர்களையும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம். "பிசினஸ் ஸ்கூல்", "இன்ஸ்டிடியூட்", "அகாடமி" என்று யாரும் பலகை மாட்டலாம். அப்படிப் பலகை மாட்டினவர்கள் பாச்சலர் என்ற சொல்லைத் தாளில் அச்சடிக்கிறார்கள். நாங்கள் பார்த்தது அந்தச் சொல்லை. பார்த்திருக்க வேண்டியது வாசல் பலகையை. அங்கீகாரம் பெற்ற இடங்களின் பட்டியல், உயர்கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பான சுவிஸ்யூனிவெர்சிட்டீஸின் இணையத்தளத்தில் சும்மா கிடக்கிறது, தேட ஐந்து நிமிடம் போதும்.

அந்த மடிப்புத்தாளில் எடுக்குவா முத்திரையும் இருந்தது. அது உண்மையான முத்திரைதான், பொய் இல்லை. ஆனால் அது வளர்ந்தவர்களுக்கான தொடர்கல்வி நிலையங்களின் தரத்துக்குக் கொடுப்பது. பட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. இசிடிஎஸ் என்பதும் அப்படித்தான். ஒரு புள்ளி என்றால் 25 முதல் 30 மணித்தியால உழைப்பு, ஒரு செமஸ்டரின் 30 புள்ளிக்குக் குறைந்தது 750 மணித்தியாலம். எங்களுக்குக் கிடைத்தது வாரம் எட்டு. பெருக்கிப் பார்க்கத் தெரிந்த நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

விலகுகிறோம் என்று எழுதினோம். செமஸ்டர் முடிய மூன்று மாதத்துக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டுமாம், ஆகவே மூன்றாவது செமஸ்டருக்கும் 6,900 கட்டு என்றார்கள். வீட்டுக்கு வந்து போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டு ஓடினேன். அந்த 14 நாள் எப்போதோ போய்விட்டது. போகாவிட்டாலும், விற்பவரை நாங்களே கூப்பிட்டிருந்தால் அந்த உரிமை இல்லை என்று வழக்கறிஞர் சங்கத்தின் இலவச ஆலோசனையில் சொன்னார்கள். நான்தானே போன் பண்ணினேன்.

அப்புறம் வந்தது பெட்ரைபுங், அதாவது கடன் வசூல் அலுவலகம் மூலம் வருகிற கட்டளை. மகளின் பெயரில். நாங்கள் சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க இருந்த நேரம். கடன் பதிவேட்டில் பெயர் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கும் கரைச்சல், வீடு எடுக்கவும் கரைச்சல் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மனிசி கட்டித் தொலைப்போம் என்றா. பயத்தில் கட்டுவார்கள் என்றுதான் அவர்களும் அனுப்புகிறார்கள். கடன் உண்மையா என்று நிரூபிக்காமலே யாரும் யாருக்கும் இதை அனுப்பலாம். கட்டளைக் கடிதம் கைக்கு வந்து 10 நாளுக்குள் ரெக்ட்ஸ்ஃபோர்ஷ்லாக், அதாவது "மறுக்கிறேன்", போட வேண்டும். காரணம் எழுதத் தேவையில்லை, காசும் இல்லை. மகள் கடிதம் கொண்டு வந்தவரின் முன்னாலேயே கதவடியில் நின்று கையெழுத்து வைத்தாள். அதோடு விஷயம் நின்றது, அவர்கள் வழக்குக்குப் போகவில்லை. மூன்று மாதம் கழித்து 40 பிராங் கட்டி, அந்தப் பதிவை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாம் என்று விண்ணப்பித்தோம், ஏற்றுக்கொண்டார்கள். 2019இல் இருந்து இந்த வசதி இருக்கிறது. பலருக்குத் தெரியாது.

கட்டின 13,800 திரும்பி வரவில்லை. ஆலோசகர் முதலில் "கதைச்சுப் பாக்கிறன் அண்ணை" என்றார், பிறகு போன் எடுப்பதில்லை.

மகள் இப்போது அரச ஃபாக்ஹோக்‌ஷூலவில் முதல் செமஸ்டரில் இருந்து தொடங்கியிருக்கிறாள், பகுதிநேரம், பாதி நாள் வேலை. இப்படியான அரச இடங்களில் பெரும்பாலும் செமஸ்டருக்கு 500 முதல் 1,000 பிராங்குக்குள்தான். "வேற எங்கயும் இல்லை" என்று சொன்ன மொழிக் கதையையும் நம்பியிருக்கத் தேவையில்லை, இரண்டு மொழிக்கு அரச இடங்களே இருக்கின்றன. பிரிபூர்க் பல்கலைக்கழகம் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் படிப்பிக்கிற இடம், அங்கே இதே பாடம் இருக்கிறது. வாலிஸில் சியேர் ஊரில் உள்ள ஃபாக்ஹோக்‌ஷூலவிலும் இரண்டு மொழியில் படிக்கலாம். பீலில் இருந்து பிரிபூர்க்குக்கு ரயிலில் போய் வரலாம்.

போன சனிக்கிழமை சின்னவனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விடப் போனேன். சப்பாத்து வைக்கிற தட்டுக்கு மேல் அதே மடிப்புத்தாள் ஒரு கட்டு. எடுத்துப் பார்த்தேன். விலை இப்போது 7,200.