நிறுத்தி வைத்த பழைய கார்: காற்றுக் கூடாரமா, மூடிய பையா, அறையையே உலர்த்துவதா?

என் மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் வருடத்தில் ஏழெட்டு மாதம் ஷெட்டை விட்டு வெளியே வருவதில்லை. சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், என்று தனியாக ஒன்று இல்லாத வண்டி அது; பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் ஸில் பெட்டி உள்ளுக்குள் அரித்துவிட்டால், மேலே பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் வண்டி பலவீனம்தான். அந்த ஸில் தகட்டை இரண்டாவது முறையாக வெட்டியெடுத்து வெல்டிங் செய்த பிறகுதான், ஓடாமல் நிற்கும் காலத்தில் அதற்கு என்ன ஆகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன்.

வெறும் கவரைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு மூச்சு விடும் மென்மையான துணிக் கவர் நல்லது. தூசியும் கீறலும் தடுக்கும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். கீழிருந்து ஏறும் ஈரம் அதற்குள் சிக்கி, பெயின்ட்டின் மேலேயே குந்திக்கொள்ளும்.

அதற்கு மேலே போனால் மூன்று வழிகள். ஒன்று, விசிறி வைத்த காற்றுக் கூடாரம்: வண்டியைச் சுற்றி ஒளி புகும் பிளாஸ்டிக் கூடு, வடிகட்டிய காற்றைச் சின்ன விசிறிகள் ஓயாமல் உள்ளே தள்ளும். இரண்டாவது, ஜிப் வைத்த காற்றுப் புகாத பை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். மூன்றாவது, ஷெட்டின் இடுக்குகளை அடைத்துவிட்டு டிஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரம் இழுக்கும் மெஷினை ஓட விடுவது. முதலாவதை இரண்டு வருடம் வைத்திருந்தேன். இப்போது மூன்றாவதில் இருக்கிறேன், மாறும் எண்ணமும் இல்லை.

கூடாரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தூசி ஒரு துளி படியவில்லை, பூனை மேலே ஏறவில்லை, வண்டி எப்போதும் கண்ணுக்குத் தெரிந்தது. காற்று நகர்ந்துகொண்டே இருப்பதால் இரும்பும் சுற்றியுள்ள காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும், அதனால் வண்டியின் மேல் பனி கோப்பது குறையும். இது உண்மையான பலன். ஆனாலும் இரண்டாவது வருடம் பிரேக் டிரம்களின் வெற்று இரும்பிலும், பானெட்டுக்குக் கீழே இருந்த போல்ட் தலைகளிலும் செம்மண் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் தெரிந்தது. பிறகுதான் கூடாரத்துக்குள் ஈரப்பதமானி ஒன்றைத் தொங்கவிட்டேன். பகலில் 60 சதவீதத்துக்குப் பக்கம் காட்டியது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் 85க்கு மேல்.

என்னைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானிப்பது அந்த விடியற்காலை எண்தான்.

இரும்பு துருப்பிடிக்கச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினால் துருவின் வேகம் சட்டென்று கூடுகிறது. தகட்டில் உப்போ புழுதியோ படிந்திருந்தால் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் உப்பு தானாகவே ஈரத்தை இழுக்கும். 50ஐ ஒட்டி வைத்திருந்தால் இரும்பு அமைதியாக இருக்கும். இந்த எண் நாளெல்லாம் ஒரே இடத்தில் நிற்காது என்பதுதான் சிக்கல். மாலையில் 30 டிகிரியில் 50 சதவீதமாக இருக்கும் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் 24 டிகிரிக்கு இறங்கினால், ஒரு சொட்டு நீர் புதிதாகச் சேராமலே அதே காற்று 70 சதவீதத்தைத் தொட்டுவிடும். குளிர்ந்த காற்றால் குறைவான நீராவியைத்தான் தாங்க முடியும்.

காலையில் இது இன்னும் மோசமாகும். இஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் கனமான இரும்பு. இரவின் குளிர்ச்சியை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். சூரியன் ஏறியதும் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரமும் உள்ள காற்று கதவு வழியாக உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அங்கே நீர் கோத்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வியர்ப்பது போலத்தான். மழையே இல்லாத நாளில் இஞ்சின் நனைந்திருப்பதைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறதோ என்று தேடியவர்களுக்கு இது புரியும்.

கூடாரத்தால் இதில் பாதிக்குத்தான் தீர்வு சொல்ல முடிகிறது. நீர் கோப்பதைக் குறைக்கும். ஆனால் அது உள்ளே தள்ளுவது வெளியே இருக்கும் அதே காற்று. வெளியே 85 என்றால் உள்ளேயும் 85. வறண்ட காற்று வீசும் இடத்தில் கூடாரமே போதும், அதைவிட எளிதானது வேறில்லை. ஈரம் நிறைந்த காற்றில், அது துருவுக்கு வேண்டியதை வடிகட்டி அனுப்பி வைக்கிறது.

மெஷின் காற்றிலிருக்கும் நீரையே வெளியே எடுக்கிறது. 50இல் வைத்துவிட்டால், இரவில் வெப்பம் இறங்கி எண் ஏற முயலும்போது தானே ஓடத் தொடங்கும். ஆனால் அறை மூடியிருக்க வேண்டும். முதல் வாரம் வாளி வாளியாகத் தண்ணீர் வந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். அது கதவு இடுக்கு வழியாக வந்த வெளிக்காற்றின் தண்ணீர். கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும் அடியில் பிரஷ் பட்டையும் ஒட்டிய பிறகு தண்ணீர் பாதிக்கும் கீழே போனது. தரையையும் சோதித்துவிடுங்கள். கான்கிரீட்டின் மேல் ஒரு பாலித்தீன் துண்டை விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். அடியில் நீர் கோத்திருந்தால் தரை வழியாக ஈரம் ஏறுகிறது. வண்டிக்குக் கீழே கனமான பாலித்தீன் விரிப்பு போட்டே ஆக வேண்டும்.

மெஷினில் இரண்டு வகை உண்டு. கம்ப்ரஸர் வகை வெப்பமான இடத்துக்குப் பொருத்தம். 15 டிகிரிக்குக் கீழே போனால் அதன் குளிர்ந்த காயிலில் உறைபனி பிடித்துத் திணறும். குளிர்ந்த இடத்துக்கு, உலர்த்தும் சக்கரம் வைத்த வகை. ரொம்பவும் உலர்த்தக்கூடாது. 40க்குக் கீழே போனால் தோல் சீட்டும் மரமும் வெடிக்கத் தொடங்கும். என் மைனரின் சகோதரியான டிராவலர் மாடலில் பின்பாதிச் சட்டமே ஆஷ் மரம். அதை வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை இரும்புக்காக மட்டும் அமைக்க முடியாது.

அறையின் வெப்பம் என்ற விஷயத்தில் மெஷின் தோற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மூடிய அறை, அதில் ஓடும் மோட்டார். என் ஷெட் முன்னைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கிறது. ரப்பரும் டாஷ்போர்டும் பேட்டரியும் வெப்பத்தில் வேகமாக வயதாகும். ஜன்னலைத் திறந்தால் வெப்பம் போகும், ஈரம் வரும். நான் கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு அட்டை அடித்து அதைச் சமாளித்தேன். கூடாரமும் இதில் பெரிதாக ஜெயிக்கவில்லை: ஜன்னல் வெயில் நேராக அதன் மேல் விழுந்தால் உள்ளே கண்ணாடிக் கூண்டு போலச் சுடும்.

மூடிய பையைப் பற்றி நான் உறுதியாகப் பேசும் அளவுக்கு அனுபவம் இல்லை. நண்பர் ஒருவரின் வண்டியை ஒரு பருவம் முழுக்க அதில் வைத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன், அவ்வளவே. வண்டி சுத்தமாகவே வெளியே வந்தது. மின்சாரமே வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட், சீட்டுக்குள் இருக்கும் நார் எல்லாம் ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அவற்றை உலர்த்தாமல் ஜிப்பை மூடினால் அந்த ஈரத்தோடுதான் வண்டி வாழ வேண்டும். ஒரு கிலோ சிலிக்கா ஜெல் ஏறக்குறைய கால் கிலோ நீரைத்தான் பிடிக்கும், அப்புறம் சூடாக்கி உலர்த்தி மீட்க வேண்டும். எலி ஒரு ஓட்டை போட்டாலும் கதை முடிந்தது. அப்படியும் பையைத் தேர்ந்தெடுத்தால், கால்சியம் குளோரைடு டப்பாவை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். ஈரம் குடித்து அது உப்புக் கரைசலாக மாறும். கவிழ்ந்தால் தரைத்தகட்டை அரித்துவிடும்.

மூன்றில் எதை வைத்தாலும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினால் அது ஆவியாக வெளியே போகும். பாதிச் சூட்டில் அணைத்தால் சைலன்சருக்குள்ளும் இஞ்சின் ஆயிலிலும் தங்கும். ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஈரத்தில் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

மெஷின் வாங்கும்போது நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு: மின்சாரம் போய் வந்தால் தானே மறுபடி ஓடுமா? என் முதல் மெஷின் தொடு பொத்தான் வைத்தது. ஊரில் இல்லாத இரண்டு வாரத்தில் ஒருமுறை மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது, அதன் பிறகு அது ஓடவே இல்லை. திரும்பி வந்தபோது ஈரப்பதமானி 82 காட்டியது, மூடிய அறையில் பூஞ்சை வாடை. காற்றோட்டமும் இல்லாமல் உலர்த்தலும் இல்லாமல் நின்ற அந்த நாட்கள் கூடாரத்தில் இருந்ததைவிட மோசம். இப்போது இருப்பது திருகும் சுவிட்ச் வைத்த பழைய பாணி மெஷின். எந்த நிலையில் விட்டேனோ அங்கிருந்தே தொடங்கும். வாளி நிறைந்தாலும் மெஷின் நின்றுவிடும் என்பதால், குழாய் ஒன்றைச் சுவர் வழியாக வெளியே விட்டிருக்கிறேன். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுகிறேன். விடியற்காலையில் இப்போது 51, 52 காட்டுகிறது. டிரம்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன், இரும்பு இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.